எடைக்குப் போன எங்க அப்பாவோட வெள்ளி ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். காலைல காபியோட உங்க பேப்பர் படிக்கிற வீடு எங்களுது, கடிதம் எழுதுறது இதான் முதல் தடவை.

எங்க அப்பா போன வருஷம் தவறிட்டார். காரியம் முடிஞ்சு பீரோவத் திறந்தப்ப அடித்தட்டுல ஒரு பழைய பிஸ்கட் டின், அதுக்குள்ள அவர் சின்ன வயசுலேர்ந்து சேத்து வச்ச காசு. ஒவ்வொன்னையும் தினசரி காலண்டர் தாள்ல பொட்டலம் கட்டி மேல பென்சில்ல எழுதியிருந்தார், ஒன்னுல "ஆத்தா சுருக்குப்பையில இருந்தது"ன்னு, இன்னொன்னுல "திருச்சி சந்தை, நாலணா குடுத்தேன்"னு. 60 வெள்ளி ரூபாய், நாலு பவுன் காசு, ஒரு கைப்பிடி செப்புக்காசு, கூட ஆத்தாவோட வெள்ளிக் கொலுசு.

நாங்க பிள்ளைங்க மூணு பேர். வித்துப் பணமா பிரிச்சுக்கலாம்னு அண்ணன் சொன்னார், நானும் சரின்னுட்டேன். டவுன்ல ஒரு கடையில கொண்டு போய் குடுத்தோம், கடைக்காரர் மேலாப்ல கிடந்த 1944 காசு ஒன்னை எடுத்து மெஷின்ல வச்சுப் பாத்துட்டு "பாதிதான்மா வெள்ளி, மிச்சம் கலப்படம்"னு சொல்லி மொத்தத்தையும் தராசுல கொட்டி எல்லாத்துக்கும் அதே கணக்குல விலை போட்டார். பொட்டலத் தாளை எல்லாம் கசக்கி குப்பைக்கூடையில போட்டாங்க, அதையாவது நான் வாங்கிட்டு வந்திருக்கலாம், இப்ப நெனச்சாலும் மனசு ஆறல.

அப்புறம்தான் காசு சேக்குற ஒரு சொந்தக்காரர், நான் போன்ல எடுத்து வச்சிருந்த போட்டோவப் பாத்துட்டு விஷயத்தைச் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்து ரூபாய் ஒன்னு 11.66 கிராம், 1939 வரைக்கும் அடிச்சதுல நூத்துக்கு 91.7 பங்கு வெள்ளி, 1940லேர்ந்து யுத்த காலத்துலதான் அதைப் பாதியாக் குறைச்சாங்க. எங்க 60ல அந்தப் பாதி வெள்ளிக் காசு எட்டுதான். மிச்சம் 52ம் விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ். காசுக்கு அஞ்சு கிராம் கிட்ட போயிருக்கு, மொத்தமா கால் கிலோ வெள்ளிக்கு எங்களுக்குக் காசே வரல! அதுல 1911 ஜார்ஜ் ரூபாய் ஒன்னு இருந்துச்சு, ராஜா அங்கியில இருக்குற யானை பன்னி மாதிரி தெரியுதுன்னு ஜனங்க எதிர்த்ததால கவர்மெண்ட்டே திரும்ப வாங்கிக்கிட்ட காசு அது, அடுத்த வருஷமே யானையைத் திருத்திட்டாங்க. சேக்குறவங்க அதுக்கு வெள்ளி விலையைப் போல பல மடங்கு குடுப்பாங்களாம். நாங்க போய்க் கேக்குறப்ப எல்லாத்தையும் உருக்கிட்டோம்னு கடையில சொல்லிட்டாங்க.

நல்ல வேளை, பவுன் காசை அன்னைக்கு எடுத்துட்டுப் போகல. நம்ம ஊர்ல பவுன்னு சொல்றதே சாவரின்ங்கிற இந்த இங்கிலாந்து தங்கக் காசை வச்சுத்தான், 7.98 கிராம், 22 கேரட். ரெண்டுல காசுமாலைக்குக் கோக்க வளையம் பத்த வச்சிருக்கு, அது தங்க விலைக்குத்தான் போகும், முழுசா இருக்குற ரெண்டுக்கு வருஷத்தையும் அடிச்ச ஊரையும் பாத்துக் கூடக் கேக்கலாம்னாங்க. செப்புக்காசை அண்ணி பளிச்சுன்னு இருக்கட்டும்னு புளி போட்டுத் தேச்சுட்டாங்க, பாவம் அவங்களுக்கும் தெரியாது, அப்படித் தேச்சா காசோட மதிப்பே போயிருமாம். அதுல ஒன்னு ஒரு பக்கம் ராஜா நிக்கிற, இன்னொரு பக்கம் உக்காந்திருக்குற ராஜராஜன் காசு. சிங்கப்பூர்ல இருக்குற தம்பி அதைக் கேட்டான், 100 வருஷம் தாண்டின காசு 1972 சட்டப்படி பழம்பொருள், நாட்டை விட்டு வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.

இன்னொன்னும் சொல்லணும். ஆன்லைன்ல அந்தப் போட்டோவப் போட்ட மறுநாளே ஒருத்தன் போன் பண்ணி, ரிசர்வ் வங்கியிலேர்ந்து பேசுறேன், உங்க காசுக்கு லட்சக்கணக்குல தர்றோம், முதல்ல பதிவுக் கட்டணம் கட்டுங்கன்னான். தயவுசெஞ்சு யாரும் கட்டாதீங்க. நாங்க இந்த மாதிரி வியாபாரம் செய்றதில்ல, கட்டணமோ கமிஷனோ கேக்குறதும் இல்லன்னு ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல அறிவிச்சிருக்கு.

எங்கள மாதிரி ஆளுங்க விக்கிறதுக்கு முன்னாடி யார்கிட்ட போய்க் காட்டுறது? வாங்குறவர்கிட்டயே விலை கேக்க வேண்டியிருக்கே. எழும்பூர் மியூசியத்துல காசுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, மதுரை, திருச்சி, கோவை, நெல்லைன்னு அரசு அருங்காட்சியகம் இருக்கு, மாசம் ஒரு சனிக்கிழமை அங்க ஒரு ஆள் உக்காந்து இது என்ன காசு, எந்த வருஷம், வெள்ளியா கலப்படமான்னு மட்டும் சொன்னா போதும், விலை கூட சொல்ல வேணாம். சங்ககாலப் பாண்டியர் காசுல "பெருவழுதி"ன்னு பேர் இருக்குறதை நமக்குக் காட்டினவர் இரா. கிருஷ்ணமூர்த்தி, அவரும் ஒரு பத்திரிகை ஆசிரியரா இருந்தவர்தான். அதனால இதை நீங்க எழுதினா அரசு காதுல விழும்னு நம்பி எழுதுறேன்.

பாக்கி இருக்குற செப்புக்காசையும் நாலு பவுனையும் மறுபடி காலண்டர் தாள்ல கட்டி வச்சிருக்கேன், அப்பா எழுதினதுல எனக்கு ஞாபகம் இருக்குற வரைக்கும் மேல எழுதிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, துறையூர்