இரண்டு பிரதிகள் அனுப்ப முடியாத புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்தாளர்கள் தாங்களே மின்னூல் வெளியிடுவது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோப்பைத் தளத்தில் ஏற்றிவிட்டால் வாசகர்கள் தாமாக வந்து சேர்வார்கள் என்று அது நம்பிக்கை அளிக்கிறது. ஏற்றுவது ஒரு மாலைப்பொழுது வேலைதான். அதற்கு அடுத்த நாளிலிருந்து என்ன நடக்கிறது என்பதை என் அனுபவத்தில் சொல்ல விரும்புகிறேன்.

என் அப்பா கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளைவித்தவர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் மூன்றாவது கன்னடியன். 1961 முதல் 2004 வரை, கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் என்றைக்குத் தண்ணீர் வந்தது, எந்த மடை உடைந்தது, என்ன நெல் நட்டார், ஒரு கோட்டை (பழைய நெல் அளவை) என்ன விலைக்குப் போனது என்று கணக்கு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு அவற்றைத் தட்டச்சு செய்து, 2020இல் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் வெளியிட்டேன். 2016 டிசம்பர் முதல் அங்கே தமிழ் நூல்கள் விற்பனைக்கு இருக்கின்றன. பதிப்பாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை, நூலுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.கூடக் கட்டாயமில்லை. பழைய எழுத்துருவில் அடித்த பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றி, சிதறிப்போன ஒற்றெழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்தத்தான் இரண்டு மாதம் ஆனது.

வெளியான முதல் மாதம் விற்றவை பதினொரு பிரதிகள். ஒன்பது பேர் சொந்தக்காரர்கள். அவர்களை மதிப்புரை எழுதச் சொல்லவும் முடியாது. நெருங்கிய உறவினர் எழுதக் கூடாது என்பது தளத்தின் விதி, நியாயமான விதி.

அந்தச் சோர்வில்தான் ஒரு தவறு செய்தேன். மின்னூலை விளம்பரப்படுத்தித் தருவதாகச் சொன்ன ஒரு வெளியூர் நிறுவனத்துக்கு, பிசான நெல் விற்ற பணத்திலிருந்து பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். அட்டைப்படத்தைத் தங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் மூன்று முறை போட்டார்கள். அத்துடன் சரி. அந்தப் பக்கத்தைப் பின்தொடர்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே புத்தகம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. புதிதாக எழுத வருபவர்களின் ஆசைதான் இந்தத் தொழிலுக்கு முதல். தங்கள் வாசகர்களில் யாரேனும் இப்படிப் பணம் கட்டும் எண்ணத்தில் இருந்தால் ஒரு மாதம் பொறுத்திருங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

பயன்பட்டவை காசு செலவில்லாத காரியங்கள்தாம். தேடுசொற்களுக்கென்று தளத்தில் ஏழு கட்டங்கள் உண்டு. நான் 'வேளாண்மை', 'வரலாறு' என்று பொதுவாக நிரப்பியிருந்தேன். அவற்றை நீக்கிவிட்டுக் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், பத்தமடை என்று கால்வாய் போகும் ஊர்ப் பெயர்களை இட்டேன். தமிழர்களில் பலர் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள். ஆகவே அந்த வடிவத்தையும் சேர்த்தேன். கியூஆர் கோடு அச்சிட்ட சிறிய அட்டைகளை வீரவநல்லூரில் ஓர் உரக்கடையில் வைத்தேன். 'செல்போனிலேயே படிக்கலாம், தனிக் கருவி வேண்டாம்' என்று கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். இந்த ஒரு செய்தி தெரியாமல்தான் பலர் மின்னூல் பக்கமே வராமல் இருக்கிறார்கள்.

மும்பை தாராவியிலிருந்து ஒரு பெரியவர் எழுதிய மின்னஞ்சலை மறக்க முடியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர். 1992 நவம்பர் வெள்ளத்தின்போது ஊருக்கு வந்திருந்தாராம். எந்த மடை முதலில் உடைந்தது என்று நான் நோட்டிலிருந்து படித்து எழுதியது தவறு என்றார். நோட்டை மறுபடி பார்த்தேன். அப்பாவின் கையெழுத்தை நான்தான் பிழையாக வாசித்திருந்தேன். மறுநாளே திருத்திய கோப்பை ஏற்றினேன். ஐந்நூறு பிரதிகள் அச்சடித்துக் கட்டி வைத்திருந்தால் அந்தப் பிழை ஐந்நூறு வீடுகளில் நிலைத்திருக்கும்.

மூல நோட்டுகள் இன்று இல்லை. திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தன. 2023 டிசம்பர் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது மை கரைந்து கூழாகிவிட்டன. அப்பாவின் நாற்பத்து மூன்று ஆண்டுகள் இப்போது அந்த மின்னூலில் மட்டுமே இருக்கின்றன. அச்சு நூலைத்தான் புத்தகம் என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் என்னை இவ்வளவு வருத்துவதற்குக் காரணம் இதுதான்.

அரசும் அந்த வழக்கத்தையே பின்பற்றியது. அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2018 ஜூலையில் மின்னூல் வரியை 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தபோதும், அச்சுப் பதிப்பு உள்ள நூல்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை தரப்பட்டது. அச்சடிக்க வசதியில்லாமல் மின்னூலாக வெளியிடுபவருக்கு வரி கூடுதல், அச்சிட்டவருக்குக் குறைவு என்பது எந்த வகையில் நியாயம்? பாளையங்கோட்டையில் நடக்கும் பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போகிறேன், பை நிறைய வாங்குகிறேன். உள்ளூர்க்காரர்களின் மின்னூல்களுக்கு அங்கே ஒரு மேசை, சுவரில் கியூஆர் கோடுகள் ஒட்டிய ஒரு பலகை போதும். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் அடுத்த ஆண்டே செய்யலாம்.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். தங்கள் நூல் மதிப்புரைப் பகுதியின் கீழே 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்று ஒவ்வோர் இதழிலும் அச்சிடுகிறீர்கள். மின்னூலுக்கு இரண்டு பிரதிகள் ஏது? அந்த ஒரு வரியால் எங்கள் நூல்கள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. கடையில் அடுக்கி வைத்துப் புரட்டிப் பார்க்க முடியாத நூலுக்குத்தான் நடுநிலையான மதிப்புரை அதிகம் தேவை. நல்லதாக இல்லையென்றால் நல்லதாக இல்லை என்றே எழுதுங்கள். மின்னூல்களில் அவசரக் கோலமாக வருபவை ஏராளம் என்பதை நானும் அறிவேன். அவற்றிலிருந்து நல்லவற்றைப் பிரித்துக் காட்ட ஆளில்லாததால் எல்லாமே ஒன்றாகப் புதைந்து கிடக்கின்றன. மாதம் ஒரு மின்னூல், கால் பக்கம் போதும். அந்த வரியை 'இரண்டு பிரதிகள் அல்லது மின்னூல் கோப்பு' என்று மாற்றுங்கள்.

அப்பாவின் நூலைத் தங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு இன்றே அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேரன்மகாதேவி.