கேஸ் மூடிய ஊரிலிருந்து

லொப்பர்சம், நெதர்லாந்து
நவம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில், "பூமிக்கடியில் அவ்வளவு கேஸை வைத்துக்கொண்டு கிணற்றை மூடிவிட்டார்களே, அந்த நாடு நொடித்துப் போகாதா?" என்று கேட்டீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது. எப்படியும் போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

முதலில் வீட்டைச் சொல்கிறேன். நான் வாடகைக்கு இருப்பது நூறு வருஷத்துச் செங்கல் வீடு. படுக்கையறை ஜன்னலுக்கு மேலே ஒரு விரிசல், செங்கல் இடுக்கு வழியாகவே படிப்படியாக ஏறிப் போகிறது. அதன் நுனியில் முன்பு குடியிருந்தவர்கள் பென்சிலால் தேதி எழுதியிருக்கிறார்கள். இரண்டு விரல் தள்ளி இன்னொரு தேதி, அப்புறம் இன்னொன்று. நம் வீட்டு நிலைக்கதவில் என் உயரத்தையும் தம்பி உயரத்தையும் குறித்து வைத்தீர்களே, அதே மாதிரி. அடுத்த தெருவில் ஒரு வீட்டுச் சுவருக்குப் பெரிய மரங்களை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பழகிவிட்டது போல, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

1959-ல் இந்த க்ரோனிங்கன் மாகாணத்தில், ஸ்லொக்தரன் பக்கம் ஒரு விவசாயியின் நிலத்தில் துளை போட்டபோது கிடைத்த கேஸ் இது. உலகத்தின் பெரிய கேஸ் வயல்களில் ஒன்று. எடுக்க எடுக்க அடியிலிருக்கும் மணற்பாறை அமுங்கி, நிலம் நடுங்க ஆரம்பித்தது. 2012 ஆகஸ்டில் பக்கத்து ஊரான ஹாய்சிங்கேயில் 3.6 அளவுக்கு ஒரு நடுக்கம். கேட்டால் சின்னதாகத் தெரியும். ஆனால் மூன்றே கிலோமீட்டர் ஆழத்தில் வருவதால் வீட்டை உலுக்கிவிடும். சரி, அடுத்த வருஷமாவது குறைத்தார்களா? 2013-ல் சுமார் 5,400 கோடி கன மீட்டர் எடுத்தார்கள்! அந்த ஒரு வருஷத்தில் மட்டும் கேஸ் வழியாக அரசுக்கு வந்தது சுமார் 1,500 கோடி யூரோ. எந்த நிதியமைச்சருக்கு மனசு வரும்?

2014-லிருந்துதான் உச்சவரம்பு போட்டு வருஷா வருஷம் இறக்கினார்கள். 2023 அக்டோபர் 1-ம் தேதி எடுப்பதை நிறுத்தினார்கள். 2024 ஏப்ரலில் நிரந்தரமாக மூடச் சட்டமே வந்துவிட்டது. கீழே இன்னும் 40,000 கோடி கன மீட்டருக்கு மேல் கேஸ் கிடக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாடு நொடிக்கவில்லை. ஆனால் வெளியே விற்றுக்கொண்டிருந்தவர்கள் 2018-லேயே வாங்குகிறவர்களாக மாறிவிட்டார்கள். அதிலும் ஒரு கூத்து. இந்த ஊர் கேஸில் இயற்கையாகவே 14 சதவீதம் நைட்ரஜன் உண்டு. எல்லார் வீட்டு அடுப்பும் பாய்லரும் அதற்கென்றே செய்தவை. வெளியிலிருந்து வருவது எரிந்தால் அதிகச் சூடு தருகிற கேஸ். அதை அப்படியே எரிக்க முடியாது. அதனால் பெரிய ஆலை கட்டி, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து, நல்ல கேஸில் கலந்து தரம் குறைத்து அனுப்புகிறார்கள். பாலில் தண்ணீர் கலக்க ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஏம்ஸ்ஹாவன் துறைமுகத்தில் 2022-லிருந்து கப்பலில் திரவ கேஸ் வந்து இறங்குகிறது.

அந்த 2022-தான் கஷ்டகாலம். ரஷ்யாவிலிருந்து வரத்து குறைந்து விலை எகிறியது. மூடுவதால் மட்டும் வந்த விலை அல்ல அது. ஆனால் முன்புபோல் குழாயைத் திறந்து சமாளிக்கவும் வழியில்லை. அந்தச் சமயம் இங்கே ஒரு வருஷத்துக்கு 280 கோடி கன மீட்டர்தான் அனுமதி. திறந்துவிடுங்கள் என்று குரல்கள் எழுந்தன, அரசு அசையவில்லை. பதிலுக்கு 2023-ல், வீட்டுக்கு முதல் 1,200 கன மீட்டர் வரை ஒரு கன மீட்டர் 1.45 யூரோவுக்கு மேல் போகாது என்று வரம்பு கட்டி, மீதியைக் கஜானாவிலிருந்து கொடுத்தார்கள். ஒரு கை வருமானத்தை விட்டது, இன்னொரு கை மானியம் கொடுத்தது. அப்போதும் நான் ஹீட்டரை 17-ல் வைத்துவிட்டுக் கம்பளியோடு உட்கார்ந்து சமைத்தேன். மாவு இரண்டு நாளாகியும் பொங்கவில்லை.

எனக்கு இதில் கோபம் வருவது மூடியதற்காக அல்ல, அப்பா. நாடாளுமன்ற விசாரணைக் குழு 2023-ல் கணக்குச் சொன்னது: இத்தனை வருஷத்தில் அரசுக்குச் சுமார் 36,300 கோடி யூரோ, கேஸ் எடுத்த ஷெல், எக்ஸான் கம்பெனிகள் இரண்டுக்கும் சேர்த்து 6,600 கோடி. அந்தப் பணத்தில் நாடெங்கும் சாலை, ரயில் பாதை எல்லாம் வந்தன. கேஸுக்கு மேலே குடியிருந்தவர்களுக்கு வந்தது சொற்பம். நார்வேக்காரர்கள் எண்ணெய், கேஸ் பணத்தைத் தனி நிதியாகச் சேர்ப்பது மாதிரி எடுத்து வைக்கவும் இல்லை. 2023-ல்தான் இந்த மாகாணத்துக்கு 30 வருஷத்தில் 2,200 கோடி யூரோ தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். நடுக்கத்தால் வீட்டு விலை இறங்கியதற்கென்றே தனி நஷ்டஈடும் உண்டு. நிஜமாகவே கை நிறைய வேலை கொத்தனாருக்கும் தச்சருக்கும்தான். சுவரைப் பலப்படுத்தும் வேலை முடிகிற பாடில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது. நம் டெல்டாவை 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த கதையையும், மன்னார்குடியில் மீத்தேன் கேஸ் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக நீங்கள் ஊர்வலம் போனதையும் சொன்னேன். "எடுப்பதற்கு முன்னாலேயேவா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

விரிசலைப் பார்க்க இதுவரை மூன்று பேர் வந்து, மூன்று அறிக்கை எழுதி, மூன்று விதமாகக் காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் வடிகால் சரியில்லை என்றார். நாலாவது ஆள் செவ்வாய்க்கிழமை வருகிறாராம், அதற்காக அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். பென்சிலைச் சீவி ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குத் தைலம் வாங்கத் தம்பியிடம் பணம் அனுப்பியிருக்கிறேன், வந்ததா என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்