‘பழகிடுச்சும்மா’ என்று எழுதியிருந்தாய்

அன்புள்ள கயலுக்கு,

உன் மெசேஜ் விடியற்காலையில் வந்தது. கல்லூரியில் துப்பாக்கி எச்சரிக்கை, இரண்டு மணி நேரம் லேபுக்குள்ளேயே பூட்டி வைத்தார்கள், கடைசியில் ஒன்றுமில்லை. சரி. அதன் கீழே ‘பழகிடுச்சும்மா’ என்று போட்டிருந்தாய் பார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

2019 மார்ச் 15 உனக்கு மறந்திருக்காது. இங்கே நியூசிலாந்தில், நம் கிறைஸ்ட்சர்ச்சில் பள்ளிகளையெல்லாம் பூட்டிவிட்டார்கள். மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, போனில் சார்ஜ் 4 சதவீதம்தான் என்று எழுதினாய். அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் பள்ளிவாசலிலுமாக 51 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அல் நூர், நாம் ஹாக்லி பூங்காவுக்கு நடந்துபோகும் வழி.

மறுநாளே பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் துப்பாக்கிச் சட்டம் மாறும் என்றார். ஏப்ரல் 10-இல் நாடாளுமன்றத்தில் அரைத்தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்ய 119 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு. 26 நாளில் முடிந்தது. நீ இருக்கும் நாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

மான் வேட்டைக்குப் போவாரே, பக்கத்து வீட்டுப் பெரியவர்? அவருடைய அரைத்தானியங்கித் துப்பாக்கியும் தடையில் வந்தது. அரசு தரும் பணத்துக்குப் போலீசிடம் கொடுத்துவிட்டு, ‘புதுசு மாதிரி இருந்தால் 95 சதவீத விலையாம், எனக்கு 70தான்’ என்று ஒரு வாரம் புலம்பினார். கோபத்தோடுதான் கொடுத்தார், ஆனால் கொடுத்தார். அந்த வருடக் கடைசிக்குள் நாடு முழுவதும் 50,000-க்கும் மேல் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன.

சட்டம் வந்ததும் ஊர் சரியாகிவிடவில்லை. தாவரவியல் பூங்காச் சுவர் நெடுகப் பூ வைத்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை ஹாக்லி பூங்காவில் பாங்கு சொன்னபோது துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நானும் நின்றேன். பூவெல்லாம் வாடிய பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. என்னோடு வேலை பார்ப்பவளின் கணவர் அன்று தப்பியவர். இப்போதும் எங்கே போனாலும் வாசலைப் பார்த்த மாதிரிதான் உட்காருவார். ஆறுதல் சொல்லத் தெரியாமல் நான் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் டப்பாவை வெறுமனே திருப்பித் தரவில்லை. நானும் அப்புறம் வெறுமனே அனுப்பவில்லை. இத்தனை வருடமாக அந்த டப்பா இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கிறது.

திரும்பி வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே எழுது, நடுராத்திரியானாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அந்த லேபுக்குப் பின்பக்கக் கதவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

அம்மா