பீரோவைத் திறந்துவிட்டுப் படம் போடுங்கள்

மதிப்பிற்குரிய முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். நம் பள்ளிகள் பலவற்றில் நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. ஆசிரியர்களில் ஒருவரிடம் பீரோ சாவி இருக்கும், அவ்வளவுதான். சாவி வைத்திருப்பவர்கள் சார்பில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளி நூலகத்தைச் சமூக ஊடகத்தில் பிரபலப்படுத்துங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஃபேஸ்புக்கில் நம் பள்ளிப் பக்கங்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பாருங்கள். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. ரிப்பன் வெட்டு. அப்புறம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, அட்டை கேமராவைப் பார்க்கும்படி ஆளுக்கொரு புத்தகத்தைப் பிடித்திருக்கும் படம். யாரும் எதையும் படிக்கவில்லை என்பது பார்த்தாலே தெரியும். எவனாவது ஒருவன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பான். கீழே வரிசையாக ‘வாழ்த்துகள் சார்’. என்ன புத்தகம், யார் எழுதியது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இருக்காது.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நூலகப் பாடவேளை நடந்ததா என்று கேட்டு மேலிருந்து வரும் செய்தி ‘போட்டோ அனுப்பவும்’ என்றுதான் முடிகிறது. சாயங்காலத்துக்குள் குழுவில் படம் ஏறியாக வேண்டும். ஆகவே படத்துக்காகப் புத்தகம் வெளியே வருகிறது, எடுத்ததும் பீரோவுக்குள் போய்விடுகிறது. அப்படிப்பட்ட நூலகத்தை ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்வது, அடுப்பே மூட்டாத கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பது மாதிரி.

நான் கேட்பது ஒன்றுதான். நூலகத்தைப் பற்றி எதைப் போட்டாலும், அதைப் பார்த்து ஒரு பிள்ளையாவது மறுநாள் ஒரு புத்தகத்தைத் தேடி வர வேண்டும். வந்தால் அது கைக்குக் கிடைக்கவும் வேண்டும்.

யார் பார்ப்பதற்காகப் போடுகிறோம் என்பதை முதலில் யோசிக்கலாம். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் 13 வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பதில்லை என்பது அவர்களே வைத்திருக்கும் விதி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. நாம் கூட்டிக்கொண்டு போகவும் கூடாது. எங்கள் ஊரில் பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் வீடு திரும்பும். அதனால் எங்கள் நூலகத்துக்குச் சமூக ஊடகம் என்றால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுதான். காலையில் போடும் செய்தி, மதியத்துக்குள் குட் மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். ராத்திரி ஏழரை மணிக்குப் போட்டால் பிள்ளையும் சேர்ந்து பார்க்கும்.

என்ன போடுகிறோம் என்று ஓர் உதாரணம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாய்க்குட்டிக் கதை ஒன்றைப் படித்துவிட்டு, நோட்டில் பாதித் தாளைக் கிழித்து இப்படி எழுதிக் கொடுத்தாள்: ‘இதில் நாய்க்குட்டி தொளைந்து போகும். கிடைக்குமா என்று என்னிடம் கேட்காதீங்க. 14ஆம் பக்கத்தில் அழாமல் இருந்தால் நீங்க பெரிய ஆள்.’ எழுத்துப் பிழையை நான் திருத்தவில்லை. பெஞ்சு மேல் புத்தகத்தை வைத்து, அட்டையின் பாதியை மறைக்கிற மாதிரி சீட்டை வைத்து ஒரே ஒரு படம். முகம் இல்லை, பேர் இல்லை. சீட்டைப் பிடித்திருந்த கட்டைவிரல் மட்டும் ஓரத்தில் தெரிந்தது. கீழே எழுதியது இவ்வளவுதான்: ‘இரண்டாவது பீரோ, மேல் தட்டு. நாளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.’ மறுநாள் அந்தப் புத்தகத்துக்குச் சண்டை. இருப்பதோ ஒரு பிரதி. காத்திருப்போர் பட்டியலைக் கரும்பலகையில் எழுத வேண்டியதாயிற்று. நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா, ‘சார், இதை நாங்க படிக்கலாமா?’ என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். மகள் பெயரில் பதிந்து கொடுத்தனுப்பினேன்.

பிள்ளைகளின் முகத்தைப் போடுவது பற்றிக் கண்டிப்பாக ஒரு முடிவு வேண்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கில் 18 வயது நிரம்பாத எல்லாரும் குழந்தைகள்தான். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. சட்டம் கிடக்கட்டும், பள்ளிப் பெயர், வகுப்பு, முகம் மூன்றையும் சேர்த்து ஊரறியப் போடுவதால் அந்தப் பிள்ளைக்கு என்ன லாபம்? கூச்சப்படும் பிள்ளை அடுத்த முறை நூலகப் பக்கமே வராது.

யூடியூப்பில் கதை வாசிக்கும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. புதுப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை வாசித்து ஏற்றினால், எழுதியவரின் உரிமையில் கை வைக்கிறோம். நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அறிமுகத்துக்கு ஒரு பத்தி வாசித்து, ஆவலைக் கிளப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். நமக்கும் அதுதானே வேண்டும்? முழுக்க வாசித்தே தீர வேண்டும் என்றால், அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய, அதாவது நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்துகள் இருக்கின்றன. பாரதியார் எழுத்துகளை அரசு வாங்கியது 1949இல். அன்றிலிருந்து நீண்டிருக்கும் அந்தப் பட்டியலை ஒரு தடவை பாருங்கள், ஒரு வருஷத்துக்குப் போதும்.

ஃபேஸ்புக்கை முன்னாள் மாணவர்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம். ‘புத்தகம் தந்து உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பழைய கைடும் வங்கித் தேர்வு நோட்ஸும்தான் மூட்டையாக வரும். தலைப்பும் பிரதி எண்ணிக்கையும் போட்டுக் கேளுங்கள்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அவர் அந்த விதிகளை வெளியிட்ட அதே 1931இல்தான் மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டுவண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் போனது. அந்த வண்டி கிராமத்துக்குள் நுழைந்ததே பெரிய விளம்பரமாக இருந்திருக்கும். வந்தவர்களுக்குக் கொடுக்கப் புத்தகமும் அதே வண்டியில் இருந்தது. நம்மிடமும் சரக்கு இல்லாமல் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், படிக்கும் திறனுக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என்று பிரித்துத் தந்த வரிசைப் புத்தகங்கள் இருக்கின்றன. மாணவர் இதழ்களான ஊஞ்சலும் தேன்சிட்டும் வருகின்றன. பல பள்ளிகளில் இவை கட்டுப் பிரிக்காமலே கிடக்கின்றன.

ஏன் என்று கேட்டால் ஆசிரியர்கள் சொல்லத் தயங்கும் பதிலை நான் சொல்லிவிடுகிறேன். பயம். புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது; தொலைந்தாலோ கிழிந்தாலோ தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர். ஓய்வு பெறும் சமயத்தில் இதற்காக அலைந்தவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் படித்துக் கிழிந்த புத்தகத்தைத் தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் கையெழுத்திட்டுக் கழிக்கலாம் என்று தெளிவான உத்தரவு ஒன்று கையில் இருந்தால், பாதிப் பூட்டுகள் தானாகவே திறக்கும். அதன் பிறகு எங்களுக்குச் சமூக ஊடகப் பயிற்சி கொடுங்கள், சந்தோஷமாக வருகிறோம்.

அந்த உத்தரவோடு இன்னொரு சின்ன மாற்றமும் வேண்டும். சுற்றறிக்கையில் போட்டோ கேட்பதற்குப் பதிலாக, இந்த மாதம் வழங்கல் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள், அவர்களில் முதன்முறையாகப் புத்தகம் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். லைக் எண்ணிக்கை யாருக்கும் வேண்டாம். இரண்டும் ஆகஸ்ட் 12க்கு முன்பே வந்துவிட்டால் நல்லது. அன்றைக்கு நூலகர் தினம். எப்படியும் போட்டோ கேட்பீர்கள்.

இப்படிக்கு,
பீரோ சாவி வைத்திருக்கும் ஒரு தமிழாசிரியர்