இழுவை அல்ல, அதுதான் சிரிப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான, ஜப்பானியப் படக்கதைகளான மங்கா பற்றிய கட்டுரை, மங்கா ஓவியர் நோபுயுகி ஃபுகுமோட்டோவை 'கைஜி', 'அகாகி' என்ற இரண்டு சூதாட்டக் கதைகளோடு முடித்துவிட்டது. கூடவே, அவர் பாணி 'இழுவை' என்று ஒரு குட்டு. இழுப்பது உண்மைதான். 'அகாகி'யில் ஒரே இரவில் நடக்கும் ஒரு மாஜாங் (சிறு கட்டைகளை வைத்து ஆடும் சூதாட்டம்) ஆட்டம் பத்திரிகையில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஓடியது. ஆனால் அதே இழுவையை வைத்து அவர் ஒரு நகைச்சுவைத் தொடரும் செய்திருக்கிறார். 'சாய்க்யோ டென்செட்சு குரோசாவா' என்ற அந்தத் தொடரைத் தொடாமல் ஃபுகுமோட்டோவைப் பற்றிய பேச்சு முழுமையாகாது.

குரோசாவா கட்டுமானத் தொழிலாளி. வயது 44. பள்ளி முடித்ததிலிருந்து ஒரே நிறுவனம். மனைவி, குழந்தை, நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடையாது. 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது கூட்டத்தோடு சேர்ந்து கத்திக்கொண்டிருக்கையில், இந்த ஆனந்தம் ஆடுகிறவனுடையது, தனக்கு இதில் எதுவுமே இல்லை என்று உறைக்கிறது. அதன் பிறகு ஒரே குறிக்கோள்: கூட வேலை செய்கிறவர்கள் தன்னை மதிக்க வேண்டும்.

அதற்கு அவர் கண்டுபிடிக்கும் வழி மீன். அஜி என்ற சிறு மீனை முள் நீக்கி, வாலை மட்டும் விட்டு, விரித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். மலிவான, அன்றாடச் சாப்பாட்டு அயிட்டம். சக தொழிலாளிகளின் மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளில் அதை யாருக்கும் தெரியாமல் வைத்துவிடுகிறார் குரோசாவா. தாமே பொங்கி வரும் நன்றிக்காகக் காத்திருக்கிறார். வைத்தது யாரென்றே தெரியாதபோது எவன் நன்றி சொல்லுவான்? சொல்லிவிட்டுக் கொடுத்தால் விலைக்கு வாங்கிய மரியாதையாகிவிடும், சொல்லாமல் கொடுத்தால் கணக்கிலேயே வராது. திட்டம் போடும்போதே தோல்வி அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. வாசகனுக்கு அது முதலிலேயே தெரியும், குரோசாவாவுக்குக் கடைசிவரை தெரியாது.

இந்த இடத்தில்தான் ஃபுகுமோட்டோ இழுக்கிறார். சூதாட்டக் கதையில் ஒரு சீட்டைத் திருப்புவதற்கு முன் என்னென்ன செய்வாரோ, அத்தனையும் இந்தப் பொரித்த மீனுக்கும் உண்டு: பக்கம் பக்கமாக மனக்குரல், புள்ளி வைத்து நிறுத்தி நிறுத்தி வரும் வாக்கியங்கள், முகத்தை மட்டும் நிறைத்த கட்டங்கள், கோலிக்குண்டு அளவுக்குக் கண்ணீர். உயிர் போகும் பந்தயத்துக்கான தொழில்நுட்பத்தை ஒரு துண்டு மீன் மேல் போட்டதால் வரும் சிரிப்பு இது. இதையே மூன்று பக்கத்தில் சுருக்கிச் சொன்னால் ஒரு பாவப்பட்ட மனிதனின் கதைதான் மிஞ்சும். பரிதாபம் வரும், சிரிப்பு வராது. கூர்மூக்கும் கோடாலித் தாடையுமாக அவர் வரையும் முகங்களை 'வரையத் தெரியாதவர்' என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. அழகான முகமாக இருந்தால் அந்த அழுகை எடுபடாது.

குரோசாவா பொறாமைப்படும் இளம் மேற்பார்வையாளரின் பெயர் அகாகி. தோற்கவே தெரியாத தன் மாஜாங் நாயகனின் பெயரைத்தான் ஃபுகுமோட்டோ அவருக்கு வைத்திருக்கிறார். குரோசாவா மனம்விட்டுப் பேசுவதோ, சாலைப்பணி நடக்கும் இடத்தில் வண்டிகளுக்குக் கைகாட்டும் பொம்மையிடம். அதற்குப் பெயர் தாரோ.

இது வெளிவந்த 'பிக் காமிக் ஒரிஜினல்' மாதம் இருமுறை இதழ். அதன் வாசகர்கள் பெரும்பாலும் நடுவயது ஆண்கள், அதாவது குரோசாவாவின் வயதுக்காரர்கள். மங்கா என்றாலே பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று கட்டுரை தொடங்குவது அதனாலேயே பொருந்தவில்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளி மாணவர்களோடு நடக்கும் சண்டைப் பகுதி நீளம்தான். அங்கே இழுவை வெறும் இழுவையாகவே நின்றுவிடுகிறது. வீடற்றவர்களோடு சேர்ந்து மோட்டார் சைக்கிள் கும்பலை எதிர்க்கும் கடைசிப் பகுதியில் கதை மறுபடி நிமிர்கிறது. 2006-இல் முடிந்த இந்தத் தொடர் மொத்தம் 11 தொகுதிகள். 2013-இல் தொடங்கிய இரண்டாம் தொடர் 21 தொகுதிகள் வரை போனது. முதல் தொடர் பிடித்துப்போனவர்கள் மட்டும் அதைத் தொடரலாம். மீன் விவகாரம் முதல் தொகுதியிலேயே வந்துவிடுகிறது.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு ஒற்றைக் கட்டத்தைப் பெரிதாக்கி அச்சிட்டிருந்தீர்கள். அதில் தெரிவது ஒரு கோணல் முகம் மட்டுமே. அடுத்த முறை எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் முழுசாகப் போடுங்கள், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்ற குறிப்போடு.

— ஒரு வாசகர், சேலம்