ஆவடி பாலிகிளினிக்ல பார்த்த ரிட்டயர்டு சுபேதார் ஐயாவுக்கு

இந்தப் பதிவு அந்த ஐயா கண்ணுல படணும்னுதான் போடுறேன். எங்கப்பா ஆர்மில ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர், அம்மா போனதுக்கப்புறம் ராத்திரி தூக்கமே கிடையாது, திடீர்னு எழுந்து கத்துவார், பகல்ல யார்கிட்டயும் பேச்சில்ல. டாக்டர்ட்ட போலாம்னா "எனக்கென்ன பைத்தியமா"ன்னு கோவம். சுகர் மாத்திரை வாங்கணும்னு சொல்லித்தான் ஆவடி இசிஹெச்எஸ் (ரிட்டயர்டு ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்குக்கே கூட்டிட்டு போனேன்.

ஐயா, நீங்க பக்கத்து சேர்ல இருந்தீங்க. நான் ஒண்ணும் கேக்கல, அப்பா கை நடுங்குறத பார்த்துட்டு நீங்களாவே "எந்த ரெஜிமென்ட்"னு ஆரம்பிச்சு, வெளிய டீக்கடைக்கு கூட்டிட்டு போய், சியாச்சின்ல இருந்து வந்தப்புறம் நீங்க தூங்காம கெடந்ததையும் மாத்திரை சாப்பிட்டதையும் கூச்சமே இல்லாம சொன்னீங்க. நாங்க மாசக்கணக்கா கெஞ்சியும் நடக்காதது அந்த டீல நடந்துச்சு! அப்புறம் மெடிக்கல் ஆபீசர் ரூம் வரைக்கும் கூடவே வந்து மனநல டாக்டருக்கு ரெஃபரல் எழுத வச்சீங்க (ரெஃபரல் இருந்தா அந்தத் திட்டத்துல சேந்திருக்கிற எம்பேனல் ஆஸ்பத்திரில காசு கட்ட வேணாம்னே எனக்கு அப்பதான் தெரியும்).

என்னை தனியா கூப்பிட்டு, "ராத்திரி சமாளிக்க முடியலன்னா 14416க்கு அடி தம்பி, டெலி மானஸ்னு கவர்மென்ட் மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க, உனக்கும் சேத்துதான் சொல்றேன்"னீங்க. பாத்துக்குறவன் எப்படி இருக்கான்னு அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல ஐயா.

அப்பா இப்ப ஓரளவு தூங்குறார். பேரு கேக்குறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டு கெளம்பிட்டீங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட் தொப்பி, வெள்ளை மீசை, பழைய டிவிஎஸ் 50, யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, அடுத்த டீ அப்பா வாங்கித் தரணுமாம்.