எதில் அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

இணையத்தில் கடை விரித்திருக்கும் விற்பனையாளர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் கடிகாரம் பழுதுபார்க்கிறவன் நான். பேட்டரி மாற்றிக் கொடுப்பதில்தான் இன்றைக்குப் பிழைப்பு ஓடுகிறது என்றாலும், சாவி கொடுத்து ஓட்டும் பழைய சுவர்க் கடிகாரங்களும் மாதத்துக்கு ஒன்றிரண்டு வந்து சேர்கின்றன. அவற்றுக்கு வேண்டிய உதிரிபாகங்களை வேலூர் கடைத்தெருவில் தேடி அலுத்துவிட்டேன். இப்போது எல்லாவற்றுக்கும் உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். ஆகவே இதை உங்கள் வாடிக்கைக்காரன் ஒருவனுடைய கோபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை மாதத்தில் ஒரு கடிகாரம் வந்தது. பெண்டுலம் ஆடவில்லை. பின்பக்கம் திறந்து பார்த்தால் அதைத் தாங்கும் ஸ்பிரிங் முறிந்திருந்தது. ஸ்பிரிங் என்றதும் சுருளாக நினைத்துவிட வேண்டாம். அது ஒரு சின்ன எஃகுத் தகடு. சவரப் பிளேடைவிட மெல்லியது. நீளம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுக் கூட இருக்கும். பெண்டுலத்தின் எடை முழுவதும் அதில்தான் தொங்குகிறது. அதில் ஒருமுறை மடிப்பு விழுந்துவிட்டால், எப்படி நிமிர்த்தினாலும் பெண்டுலம் நேர்கோட்டில் ஆடாது. நெளிந்து நெளிந்து ஆடி, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

உங்களில் ஒருவரிடம் அந்த ஸ்பிரிங் இருந்தது. விலை 120 ரூபாய். ‘ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பப்படும்’ என்று போட்டு, அதற்குத் தனியாக 90 ரூபாய் கேட்டிருந்தார். மறு பேச்சில்லாமல் கட்டினேன். வேறொருவர் அதே ஸ்பிரிங்கை அனுப்பும் செலவு இல்லாமல் விற்றுக்கொண்டிருந்தார். அவரை விட்டு இவரிடம் வந்ததே ‘ஸ்பீட் போஸ்ட்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

தபாலுக்கு எழுதும் முகவரி வேறு, கூரியருக்கு எழுதும் முகவரி வேறு. நகரத்தில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியாது. தபால் என்றால் என் பெயர், கடையின் பெயர், ஊர், பின்கோடு போதும். எங்கள் பக்கம் தபால் கொண்டுவரும் பெண்மணிக்கு என் கடை மட்டுமல்ல, நான் செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போய்விடுவேன் என்பதும் தெரியும். நான் இல்லாவிட்டால் அஞ்சலகத்துக்கே திருப்பி எடுத்துப்போய் வைத்துவிடுவார். மறுநாள் கடை திறப்பதற்குமுன் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன். 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்ததே இதற்காகத்தான்: ஆறு இலக்கத்தில் கடைசி மூன்றும், பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் அஞ்சலகத்தைக் குறிக்கும். 1989-இல் வட ஆற்காடு பிரிந்தது, 2019-இல் வேலூரே மூன்று மாவட்டமானது. இன்றும் முகவரியில் ‘வ.ஆ.’ என்று எழுதுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், தபால் தடுமாறுவதில்லை. கூரியருக்கு எழுதுவதாக இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். எந்தச் சாலை, எந்த மில்லுக்கு எதிரில், எந்த டீக்கடைக்குப் பக்கத்தில், நான் எடுக்காவிட்டால் கூப்பிட என் மைத்துனன் எண் என்று நான்கு வரி சேர்த்திருப்பேன்.

பணம் கட்டிய ஐந்தாம் நாள் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் பெயர். ‘உங்கள் பார்சலின் முகவரி முழுமையாக இல்லை. 24 மணி நேரத்துக்குள் கீழே உள்ள இணைப்பில் சரிசெய்யவும்.’ கீழே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குட்டி இணைப்பு.

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஏறக்குறைய இதே வாசகத்தோடு, அஞ்சல் துறையின் பெயரிலேயே போலிச் செய்திகள் வந்து, அவற்றைத் தொடாதீர்கள் என்று அரசு எச்சரித்ததை நானும் படித்திருக்கிறேன். தெரியாத இணைப்பைத் தொடாதே, பணம் போனால் 1930-க்குக் கூப்பிடு என்று காவல்துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. எனக்கு வரவேண்டியது ஸ்பீட் போஸ்ட்; இது யாரோ. அழித்துவிட்டேன். மறுநாளும் வந்தது, மறுநாளும் அழித்தேன். மதியத்தில் தெரியாத எண்ணிலிருந்து வந்த இரண்டு அழைப்புகளையும் எடுக்கவில்லை. எச்சரிக்கையாக இருந்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் விற்பனையாளரைக் கேட்டேன். அவர் அனுப்பிய கண்காணிப்பு எண்ணில் வெறும் இலக்கங்கள்தான் இருந்தன. முன்னே இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து என்று வரும் ஸ்பீட் போஸ்ட் எண் அல்ல அது. அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் இப்படி இருந்தது: ‘மூன்று முறை முயன்றோம். வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை. பார்சல் அனுப்பியவருக்கே திரும்புகிறது.’

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்பிவிட்டார். காலியான அந்த இடத்தில் இனி ‘ஆள் வராத முயற்சி’ என்று இதைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த மூன்று நாளும் நான் கடையில்தான் இருந்தேன். பார்சல் வேலூர்க் கிளையைத் தாண்டவே இல்லை.

விற்பனையாளர் சண்டை போடவில்லை. ‘அதுவா, எங்கள் மென்பொருள் விலை குறைந்த கூரியரைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்’ என்றார், மழை பெய்தது என்று சொல்வதுபோல.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. அஞ்சலக வரிசையில் நிற்க ஆள் வேண்டும். கூரியர்காரர் சாயங்காலம் வாசலுக்கே வந்து மூட்டையோடு அள்ளிக்கொண்டு போகிறார். பல கூரியர்களை ஒன்றாகக் கட்டித் தரும் இடைத்தரகு நிறுவனங்கள் வந்துவிட்டன. ஒரே பொத்தானில் ஒவ்வொரு பார்சலுக்கும் அன்றைய மலிவான ஆள் கிடைக்கிறார். எடைக் கணக்கும் ஒரு காரணம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக வைத்துக் கட்டணம் போடுவது கூரியர்களிடம் வழக்கம். பெரிய பெட்டியில் லேசான பொருள் வைத்தால் ஒருவரிடம் அதிகம், மற்றவரிடம் குறைவு. எனவே மாற்றுவீர்கள். மாற்றுங்கள். லாபம் பார்க்காமல் யாரும் கடை வைப்பதில்லை, நான் உட்பட. ஆனால் ஸ்பீட் போஸ்ட் என்று சொல்லி வாங்கிய 90 ரூபாயில் மிச்சம் பிடித்தது என் பணம். அது ஒன்றுதான் உறுத்துகிறது. கடிகாரத்துக்கு எஃகு ஸ்பிரிங் போடுகிறேன் என்று காசு வாங்கிக்கொண்டு தகரத்தைச் செருகினால் என்னை என்ன சொல்வீர்கள்?

என் ஸ்பிரிங்காவது காத்திருக்கும். வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் வந்து பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள் பத்து நாள், இருபது நாள் என்று அறை எடுத்துத் தங்கியிருப்பார்கள். காலுக்கு ஒரு பட்டையோ, உட்காருவதற்கு ஒரு காற்று மெத்தையோ வாங்கியிருப்பார்கள். யார் கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்தால் வரவேற்பு மேசையில் பெயர் சொல்லி வைக்கலாம். தெரியாவிட்டால், நோயாளியை எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போயிருக்கும் அரைமணி நேரத்தில் ஒருவர் வந்து ‘ஆள் இல்லை’ என்று போய்விடுவார். பொருள் மறுபடி வரும்போது அவர்கள் காட்பாடியில் ரயில் ஏறியிருப்பார்கள்.

தபால் பெட்டி எண் வைத்திருப்பவர்கள் கதி இன்னும் மோசம். அது அஞ்சலகத்துக்குள் இருக்கும் பெட்டி; கூரியர்காரர் அதில் எதையும் போட முடியாது.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. எதில் அனுப்புவீர்கள் என்று முடிவாகத் தெரியாவிட்டால் உங்கள் பக்கத்தில் ‘ஸ்பீட் போஸ்ட்’ என்று போடாதீர்கள்; ‘எங்களுக்கு வசதியான வழியில்’ என்று நேர்மையாகப் போடுங்கள், நான் முகவரியை நீட்டி எழுதிக்கொள்கிறேன். சொன்ன வழியை மாற்ற வேண்டி வந்தால், பொருள் உங்கள் கையைவிட்டுப் போவதற்குமுன் ஒரு செய்தி: இன்ன நிறுவனம், இன்ன எண், வேண்டாமென்றால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள். தபாலுக்கென்று வாங்கியதில் மிச்சமிருந்தால் திருப்பிக் கொடுங்கள். பார்சல் திரும்பி வந்தால் போக்குவரத்துச் செலவு உங்கள் தலையிலும்தானே விழுகிறது?

சட்டத்தைக் காட்டி மிரட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் 2020-இன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், பொருள் அனுப்புவது பற்றிய விவரத்தை வாங்குகிறவருக்குத் தர வேண்டும் என்கின்றன. புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு அழைப்புப் போதும். 2019-இன் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் ஊருக்கு வர வேண்டியதில்லை. 210 ரூபாய்க்கு அதைச் செய்கிற ஆள் நான் இல்லை. எல்லோரும் என்னைப்போலவே சும்மா இருப்பார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

கடிகாரம் இன்னும் என் கடைச் சுவரில் பெண்டுலம் இல்லாமல் தொங்குகிறது. அதன் சொந்தக்காரர் வாரம் ஒருமுறை வந்து, ஒன்றும் கேட்காமல், அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஸ்பிரிங்கை மறுபடி அனுப்பிவிட்டதாக நேற்று அந்த விற்பனையாளர் எழுதியிருந்தார். எதில் என்று கேட்டு உடனே பதில் போட்டேன். படித்துவிட்டார் என்று தெரிகிறது.

இப்படிக்கு,
ஒடுகத்தூர்க் கடிகாரக்காரன்